நாலு பறுவாயில்லையும் ஒரு தேங்காய் மெசினும்

"ஆறு மாதத்துக்கு இந்தக் கையாலை தேங்காய் திருவக் கூடாது" என்று டொக்டர் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வலது தோள்மூட்டு இறுகிப் போயிருந்தது. தலை வார உயராது, தெருப் படலைக் கொழுக்கிக்கு எட்டாது, கரும்பலகையில் மேல்வரி எழுதுவதென்றால் இடது கையால் முண்டு கொடுக்க வேண்டும். பாரம் தூக்காதேங்கோ, ஸ்கூட்டி ஓடாதேங்கோ என்று அவர் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல நல்ல பிள்ளைபோல் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். தேங்காய் என்றதும்தான் சிரித்துவிட்டேன். உரும்பிராயில் ஒரு குசினி தேங்காய் இல்லாமல் ஆறு மாதம் நடக்கும் என்று நினைத்தாரோ தெரியாது. காலையில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும், மத்தியானம் கறிக்குப் பால், பின்னேரம் புட்டு. எல்லாவற்றுக்கும் தேங்காய்ப்பூ வேண்டும்.

டொக்டர் சிரிக்கவில்லை. "திருவினால் தோள் இப்பிடியே நிண்டிடும், ரீச்சர். பிறகு என்னட்டை வந்து பிரயோசனம் இல்லை."

வெளியே வந்தபோது என் சிரிப்பும் நின்றுவிட்டது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் கிடக்கிறது. பலகைக்கு எட்டாத கையோடு அந்த ஏழு வருடத்தை எப்படித் தள்ளுவது என்று உண்மையாகவே பயந்துபோனேன்.

என் கணவர் ஓய்வுபெற்ற படவரைஞர். கட்டட வரைபடங்கள் கீறியே காலம் தள்ளியவர். அன்று பின்னேரமே, நான் கேட்காமலே, திருவலைப் பலகையில் ஏறி இருந்துவிட்டார். முப்பது வருடத்தில் அதில் அவர் இருந்தது அதுதான் முதல்தரம். ஓரத்திலிருந்து வட்டம் வட்டமாக, ஒரு கோடு மற்றக் கோட்டில் முட்டாமல், பென்சிலால் கீறுவதுபோல் திருவினார். ஒரு பாதிக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. வெள்ளை முடிந்த பிறகும் விடவில்லை. வரைபடத்தில் மிச்சம் விடுவது அவருக்குப் பழக்கமில்லை, சிரட்டையையும் சேர்த்துச் சுரண்டினார். அன்றைய சம்பல் மண்ணிறமாக வந்தது, கடித்தால் நறநறவென்றது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"பறுவாயில்லை" என்றேன்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுதும்போது பரவாயில்லை என்று எழுதுவோம், எங்கள் வாயில் அது பறுவாயில்லை. காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறவருக்கும் அதைத்தான் சொல்லுவோம். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் தாயைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா. நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டு ஏதாவது கெட்டுவிடும், கூடாது என்றால் ஒருவருடைய மனம் நோகும். ஆகவே இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் குடாநாடே சமாளிக்கிறது. அதில் எது நல்லது, எது கூடாதது என்பதைக் கேட்கிறவர்தான் சொல்லுகிறவரின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கிழமை நறநறத்த பிறகு, தேங்காய் திருவுகிற மின்சார மெசின் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆள் இல்லை நான். அவதானம், பரிசோதனை, முடிவு என்று எட்டாம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள். "சான்று எங்கை?" என்று நான் கேட்டால் கடைசி வாங்கில் இருக்கிறவனும் எழும்பி நிற்பான். அதே சுறுசுறுப்போடு தகவல் தேடத் தொடங்கினேன்.

போனில் பார்த்தால் ஒரு மெசினுக்கு ஐந்து நட்சத்திரம். யார் கொடுத்தார்கள் என்று வாசித்தேன். ஒருவர், "இன்னும் பாவிக்கவில்லை, பெட்டி நெளியாமல் வந்தது" என்று ஐந்து கொடுத்திருந்தார். இன்னொருவர், "அம்மாவுக்கு வாங்கினேன், நிறம் வடிவு" என்று ஐந்து. ஒரு வீடியோவில், கை நிறையக் காப்புப் போட்ட பெண் ஒருத்தி கண்மூடித் திறப்பதற்குள் ஒரு தேங்காயை முடித்தாள். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தொடங்கும்போது ஒரு தேங்காய், முடிக்கும்போது வேறு தேங்காய். அது மட்டுமல்ல, நடுவில் காப்பின் நிறமும் மாறியிருந்தது.

அதே மெசினை நேரில் பார்க்க ரவுண் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி, "இது நல்லாய்ப் போகுது, அன்ரி" என்றான். நல்லாய்ப் போகிறது என்றால் நன்றாக விற்கிறது என்று பொருள், நன்றாகத் திருவுகிறது என்று பொருள் இல்லை. பெட்டியில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழ்ப் பகுதியில் "இயங்கும்போது விரல்களை உள்ளே வைக்கவும்" என்று கிடந்தது. "வைக்க வேண்டாம்" என்பது அச்சில் இப்படி ஆகிவிட்டது போல. இதைக் காட்டி அந்தத் தம்பியோடு சண்டை பிடித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அப்போதுதான் முன்வீட்டு அக்காவின் நினைவு வந்தது. எங்கள் ஒழுங்கை முழுக்க வீடுவீடாய்ப் பார்த்தாலும் அவவின் கைச் சமையலை அடிக்க ஆள் இல்லை. அவ வீட்டில் இதே மெசின் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும், பெட்டி வந்து இறங்கியதை நானே பார்த்தவள். ஊர் பேர் தெரியாதவர்களின் நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருக்க, கூப்பிடு தூரத்தில் உண்மை இருக்கிறதே என்று என்னையே ஏசிக்கொண்டு படலையடிக்குப் போனேன்.

"அக்கா, உங்கடை தேங்காய் மெசின் எப்பிடி?"

அவ கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. "மெசினோ?" என்று திரும்பாமலே கேட்டா. "பறுவாயில்லை, ரீச்சர்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை, முகம் ஈர வேட்டிக்குப் பின்னால் இருந்தது. அடுத்த நாளே கணவரைக் கூட்டிக்கொண்டு போய் மெசினை வாங்கிவிட்டேன். அதே கடை, அதே தம்பி. பெட்டியைக் கட்டித் தரும்போது, "விரல் கவனம், அன்ரி" என்று வேறு சொன்னான்.

மெசின் பார்க்கச் சின்னது, சத்தம் பெரியது. தொடக்கிவிட்டதும் எங்கள் பூனை மதிலேறிப் போனது, மத்தியானம்வரை திரும்பி வரவில்லை. சுழலுகிற பல்லில் பாதித் தேங்காயை வைத்து, இரண்டு கையாலும் இறுக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பூ கோப்பைக்குள் விழுந்ததைவிடச் சுவரில் ஒட்டியதுதான் கூட. இரண்டாம் நாள் என் கணவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்து, "நான் பிடிக்கிறன், விடும்" என்றார். நான் விடவில்லை. எனக்காக வாங்கியது, நான்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மெசினின் அதிர்வு முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறியதை உணர்ந்தேன்தான். பழகினால் சரிவரும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை.

"என்ன செய்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"திருவேல்லை, டொக்டர். மெசினாலைதான்..."

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த அதே மாதிரித்தான் நான் என் மாணவர்களைப் பார்ப்பேன். ஆறு மாதத்தோடு இன்னும் இரண்டைக் கூட்டிவிட்டார். இனியும் கேட்காவிட்டால் ஊசி, அதுவும் சரிவராவிட்டால் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். வலி ஒரு பக்கம். விஞ்ஞான ரீச்சர் ஒரு சொல்லை நம்பி ஏமாந்தாளே என்ற அவமானம் மறுபக்கம். என் கணவர் திருவலையை எடுத்துக்கொண்டு வந்து ஏறி இருந்தார்.

அழுது முடிய ஆத்திரம் வந்தது. நேரே முன்வீட்டுக்குப் போனேன். "அக்கா, உங்கடை மெசினை ஒருக்கால் காட்டுங்கோ."

அவ தயங்கித் தயங்கி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனா. அலுமாரிக்கு மேலே பெட்டி இருந்தது. ஒட்டின நாடா ஒட்டினபடி, அதன் மேல் ஒரு விரல் தடிப்புக்குத் தூசி.

"அப்ப ஏன் பறுவாயில்லை எண்டு சொன்னனீங்கள்?"

"பறுவாயில்லை எண்டுதானே ரீச்சர் சொன்னனான்" என்றா அக்கா, கண் கலங்க. "நல்லது எண்டு சொன்னனானோ?"

சொல்லப்போனால் அவ சொன்னது முழுக்கச் சரி.

"பிறகேன் காசு குடுத்து வேண்டினனீங்கள்?"

"உடுவிலிலை இருக்கிற என்ரை மச்சாள் பறுவாயில்லை எண்டவ. அவ சொன்னால் பிழைக்காது எண்டு நினைச்சன். வேண்டிக்கொண்டு வந்தாப்பிறகு திறக்கப் பயமாய்க் கிடந்தது. விரலை உள்ளை வைக்கச் சொல்லி எழுதியிருக்குதே."

அந்தச் சனிக்கிழமை உடுவிலுக்குப் போவோம் என்று கணவரிடம் சொன்னேன். "தேங்காய் மெசினுக்கும் விசாரணைக் கொமிசனோ?" என்று கேட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கும் ஆர்வம்தான்.

உடுவில் மச்சாள் எங்களைக் கண்டதும் தேத்தண்ணி போட்டா. விசயத்தைச் சொன்னதும் அவவின் முகம் சுருங்கியது. அவ ஒருநாள் பாவித்திருக்கிறா, ஒரேயொரு நாள். "கை பிறகு ஒரு மணித்தியாலம் நடுங்கினது" என்றா. "மகன் தன்ரை முதல் சம்பளத்திலை வேண்டித் தந்தவன். கூடாதெண்டு எப்பிடிச் சொல்லுறது? அவன் வீட்டிலை நிக்கேக்கை மேசையிலை எடுத்து வைப்பன். போனாப்பிறகு திருவலையை எடுப்பன்."

என் ஆத்திரம் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. மகனுக்கு ஆர் சொன்னார்கள் என்று மட்டும் கேட்டேன். சண்டிலிப்பாயில் அவனுக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் வீட்டில் பார்த்தானாம், பறுவாயில்லை என்று அவ சொன்னாவாம். எந்த ரீச்சர் என்று கேட்டேன். மச்சாள் சொன்னதும் எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவ, ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவ. அவவிடம் உண்மை வரும் என்று நம்பி, அப்படியே சண்டிலிப்பாய்க்கு விடச் சொன்னேன்.

கணித ரீச்சர் தோட்டத்துக்குத் தண்ணி கட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றா. நான் இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டேன். "நீர் ஏன் அந்த மெசினைப் பறுவாயில்லை எண்டு சொன்னனீர்?"

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா.

"எனக்குச் சொன்னதே நீர்தானே!"

"நானோ?"

"ஓம், நீர்தான். ஸ்ராவ் றூமிலை, இடைவேளைக்கு, வடை தின்னேக்கை. உம்மடை தம்பியார் வீட்டிலை நிக்குதெண்டு சொன்னீர். எப்பிடி எண்டு கேட்டன். பறுவாயில்லை எண்டு சொன்னீர்."

வடைதான் முதலில் நினைவுக்கு வந்தது. பிறகு முழுவதும் வந்தது. கொழும்பில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையலறையில் ஒரு துணி மூடின சாமானைக் காட்டி, புதிதாய் வாங்கின தேங்காய் மெசின் என்று தம்பி பெண்சாதி பெருமையாய்ச் சொன்னவ. நான் துணியைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. ஸ்ராவ் றூமில் கேட்டபோது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விஞ்ஞான ரீச்சருக்குத் தெரியாது என்ற சொல் வாயில் வராது. கூடாது என்று சொன்னால் தம்பி பெண்சாதியைக் குறை சொன்னதாகிவிடும். ஆகவே வடையை மென்றுகொண்டு பறுவாயில்லை என்றிருக்கிறேன். அது சண்டிலிப்பாய்க்குப் போய், உடுவிலுக்குப் போய், என் முன்வீட்டுக்கு வந்து, ஈர வேட்டிக்குப் பின்னாலிருந்து எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

"கூடாது எண்டு கண்டாப்பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீர் சொல்லித்தானே வேண்டினனான். உமக்கு மனம் நோகும் எண்டுதான்" என்றா அவ.

அவவின் மெசின் குசினிக்குள், ஒரு பக்கம் சரிந்த சாமான் தட்டுக்கு முண்டு கொடுத்துக்கொண்டு நின்றது. அந்த வேலைக்கு அது உண்மையிலேயே நல்ல மெசின். நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் இருந்து தோள் நோகும்வரை சிரித்தோம். எனக்குத் தோள் நோவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. "நாலு வீடு, நாலு பறுவாயில்லை, நாலு மெசின்" என்று என் கணவர் விரல் மடித்து எண்ணினார். அந்த எண்ணிக்கை பிழை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாசற்படியிலேயே கணித ரீச்சர் போனில் ஒரு குழு தொடங்கினா. மெசின் வாங்கின நாங்கள் நாலு பேர்தான். "நேற்றுப் பாவிச்சது" என்று பேர் வைத்தோம். சட்டம் இரண்டே இரண்டு. ஒரு சாமானைப் பற்றி ஆரும் கேட்டால், கடைசியாக எப்போது பாவித்தோம் என்பதை முதலில் எழுத வேண்டும். பறுவாயில்லை என்ற சொல்லை எழுதவே கூடாது.

முதல் பத்து நாளும் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அந்தச் சொல் இல்லாமல் எங்களுக்குக் கதைக்கத் தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது. பிறகு உடுவில் மச்சாள் பிரஷர் குக்கர் ஒன்றைப் பற்றிக் கேட்டா. முன்வீட்டு அக்கா எழுதினா: "இண்டைக்குக் காலமை பாவிச்சனான். பத்து வருசமாய்க் கிடக்கு. கைபிடி ஆடுது. வாசர் ரெண்டுதரம் மாத்தினது. பருப்பு நல்லாய் அவியும், கடலை அவியாது. பழுதாய்ப் போனால் திரும்பவும் இதைத்தான் வேண்டுவன்." ஒரு சாமானைப் பற்றி என் வாழ்நாளில் நான் வாசித்தவற்றில் அதைவிடத் திறமான அறிக்கை இல்லை. அதை எட்டாம் வகுப்புக்கு உதாரணமாகக் கூடச் சொன்னேன், அக்காவின் பேரைச் சொல்லாமல்.

அதன்பிறகு அணை உடைந்தது. கை எரிகிற சவர்க்காரம், ஒரு மழைக்கு மடங்கிப்போகிற குடை, கடிக்க வரும் நுளம்பைத் தவிர எல்லாரையும் இருமவைக்கிற நுளம்புத்திரி என்று வரத் தொடங்கியது. இப்போது குழுவில் முப்பது பேருக்குமேல். கடைக்காரத் தம்பியின் தாயும் இருக்கிறா, அவதான் எல்லாரையும்விடக் கடுமையாக எழுதுகிறவ. உடுவில் மச்சாள் கடைசியில் மகனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டா. அவன் கோபிக்கவில்லையாம், அடுத்த மாதம் நல்ல திருவலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தானாம்.

எட்டாம் மாத முடிவில் டொக்டர் என் கையைப் பிடித்து மெல்ல மெல்ல உயர்த்தினார். காதைத் தாண்டி மேலே போனது. வலி இல்லை. "இனி மெதுவாய்த் திருவலாம், ரீச்சர்" என்றார். அன்று வகுப்பில் கரும்பலகையின் மேல்வரியில் திகதி எழுதினேன். பிள்ளைகளுக்கு அது வெறும் திகதி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் வழக்கம்போல் அவர் திருவலையை எடுத்தார்.

"தாருங்கோ, இனி நான் திருவுறன்" என்றேன்.

அவர் உடனே தரவில்லை. தேங்காய்ப் பாதியை மடியில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு நாளும் நான் திருவினது எப்பிடி?" என்று கேட்டார். "உங்கடை குழுச் சட்டப்படி சொல்லும். நேற்றும் பாவிச்சனீர்தானே."

இப்படி ஒருநாள் கேட்பார் என்று சண்டிலிப்பாய் வாசற்படியிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். அவர் எண்ணாமல் விட்டது நான் அவருக்கே சொன்ன பறுவாயில்லையைத்தான். நாலு இல்லை. ஒவ்வொரு நாளும் ஒன்று என்றால் எட்டு மாதத்துக்கு எத்தனை என்று கணித ரீச்சரைத்தான் கேட்க வேண்டும்.

"கூடாது" என்றேன். "சிரட்டைத் தூள் பல்லிலை கடிபடுகுது. சம்பல் மண்ணிறம். எட்டு மாதமாய் ஒரு வெள்ளைச் சொதி நான் கண்ணாலை காணேல்லை."

அவர் மடியைப் பார்த்தார். "அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் பறுவாயில்லை எண்டனீர்?"

"கூடாதெண்டால் நீங்கள் விட்டிடுவியள். நீங்கள் விட்டால் நான் திருவியிருப்பன். கை போயிருக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். என்றாலும் சட்டம் சட்டம்தானே, மிச்சத்தையும் சொன்னேன். "நீங்கள் உதிலை குந்தியிருந்து எனக்காகத் திருவுறதைப் பாக்கவும் எனக்கு ஆசையாய்க் கிடந்தது. அந்த நறநறப்பை நான் ஆசையோடைதான் திண்டனான்."

அவர் பாதித் தேங்காயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப வெள்ளை முடிய முதல் நிப்பாட்டவேணும்?"

"ஓம். மண்ணிறம் தெரியத் தொடங்க விட்டிடவேணும்."

"கொஞ்சம் மிஞ்சுமே."

"மிஞ்சட்டும்."

திருவலையை என்னிடம் தரவில்லை. அவரே திருவினார். மண்ணிறம் தெரிந்த இடத்தில் கை ஒருமுறை முன்னே போய்த் தயங்கியது, பிறகு நின்றது. மிச்சம் ஒட்டின சிரட்டையை மனமில்லாமல் கீழே வைத்தார். அன்று நான் வைத்த சொதி பால்போல் வெள்ளையாக இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்கு" என்றேன். நாவூறு பட்டாலும் படட்டும் என்று இன்னொருதரமும் சொன்னேன்.